கணைக்கால் முறிவுக்கு உள்ளே வைக்கும் நெயில்: ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று என்று போகும் ஏ4 வீதியில் மோட்டார் சைக்கிள் சரிந்தால் கணைக்காலின் பெரிய எலும்புக்குத் தப்புவது கடினம். அதன் உள்பக்கத்தில் தசை கிடையாது, தோல்தான். அதனால் அந்த இடத்தில் பிளேட் (எலும்பின் மேல் ஸ்குரூ போட்டுப் பூட்டும் உலோகத் தகடு) வைத்தால் காயம் ஆறுவதே சில வேளை பாடாகிவிடும். நெயில் என்பது நீண்ட உலோகத் தண்டு, அது எலும்பின் குழலுக்குள்ளேயே போய்விடுகிறது. மேலும் கீழும் குறுக்கே ஸ்குரூ போட்டு அதை எலும்போடு பூட்டுவார்கள். முறிந்த இடத்தைத் திறக்கத் தேவையில்லை. நடுத்தண்டு முறிவுக்கு இதைவிட நல்ல சாதனம் இல்லை என்றே சொல்வோம். பத்துப்போட்டால் (பிளாஸ்டர் கட்டுப் போட்டால்) வாரக்கணக்கில் இறுகிக் கிடக்கும் முழங்காலை, நெயில் வைத்தால் மறுநாளே மடக்கத் தொடங்கலாம்.

நெயிலின் தடிப்பு பொதுவாக 8 முதல் 13 மி.மீ. வரை. முதலில் முழங்காலுக்குக் கீழே துளையிட்டு வழிகாட்டிக் கம்பியை இறக்குவார்கள். பிறகு ரீமர் என்ற குடையும் கருவியால் அரை மி.மீ. அரை மி.மீ.ஆகக் குடைந்து, நெயிலைவிட 1 முதல் 1.5 மி.மீ. கூடுதலாக வழி எடுப்பார்கள். குடைந்து வைப்பதையும் குடையாமல் வைப்பதையும் ஒப்பிட்டு 2008இல் வெளியான ஸ்பிரின்ட் ஆய்வு 1,226 பேரின் முடிவுகளைப் பார்த்தது. தோல் கிழியாத முறிவில், குடைந்து வைத்தவர்களுக்கு மறு சத்திரசிகிச்சை குறைவாகவே தேவைப்பட்டது. குடையாவிட்டால் மெல்லிய நெயில்தான் உள்ளே போகும், மெல்லிய நெயிலுக்கு மெல்லிய ஸ்குரூதான் பொருந்தும். எலும்பு பொருந்தத் தாமதமானால் முதலில் உடைவதும் அந்த ஸ்குரூதான்.

கைப்பக்குவம் தெரிவது கீழ்முனை ஸ்குரூவில். சி-ஆர்ம் (தியேட்டரிலேயே உடனுக்குடன் எக்ஸ்ரே காட்டும் கருவி) திரையில் நெயிலின் ஓட்டை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். முட்டை வடிவில் தெரியும்போதே துளைத்தால் டிரில் நெயிலில் பட்டு வழுக்கும், ஸ்குரூ ஓட்டைக்கு வெளியே போகும். அங்கே பிடி இல்லாவிட்டால் கால் சுழன்று பாதம் திரும்பிப் பொருந்திவிடும்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே முறிந்திருந்தால் நெயில் மட்டும் போதாது. முழங்கால் சிரட்டையிலிருந்து வரும் நாண் மேல்துண்டை முன்னே இழுக்கும், எலும்பு வளைந்து பொருந்தும். காலை ஓரளவு நீட்டி வைத்தே நெயிலை இறக்குவதும், நெயில் விலகாமல் தடுக்கும் போலர் ஸ்குரூவைப் பக்கத்தில் போட்டு வழியைக் குறுக்குவதும் இதற்குப் பரிகாரம்.

இந்தச் சாதனத்தின் பெரிய குறை முழங்காலின் முன்வலி. எலும்பு நன்றாகப் பொருந்தியவர்களுக்கும் வரும். தொழுகையில் சுஜூது செய்பவர்களும் கோயிலில் மண்டியிடுபவர்களும் வயலில் முழங்காலூன்றி வேலை செய்பவர்களும் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். நெயிலின் தலை எலும்பு மட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் வலி இன்னும் கூடும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அது தெளிவாகத் தெரியும்.

முறிந்த அன்று எண்ணெய் போட்டு இறுக்கிக் கட்டும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கெண்டைத் தசை உள்ளே வீங்கி இரத்தவோட்டம் தடைப்பட்டால் சில மணித்தியாலங்களில் தசை செத்துவிடும். கால்விரலை மெல்ல நீட்டும்போதே தாங்க முடியாமல் வலித்தால், நெயில் வைத்த பிறகென்றாலும் உடனே வாட்டில் சொல்லுங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் சுத்தமான துணியால் மூடி நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நுண்ணுயிர்க்கொல்லி ஊசி முதல் மணித்தியாலத்திலேயே ஏறுவது நல்லது.

மூன்றாம் மாத எக்ஸ்ரேயில் இடைவெளி தெரிந்தால் பதற வேண்டாம். ஆறு மாதம் வரை பொறுத்துப் பார்ப்பது வழக்கம். சிகரெட்டை மட்டும் அன்றே நிறுத்துங்கள், அது பொருந்துதலைத் தாமதிக்கும்.

வீட்டுக்குப் போகுமுன் நெயிலின் கம்பனி, தடிப்பு, நீளம் மூன்றையும் டயக்னோசிஸ் அட்டையில் எழுதி வாங்குங்கள். பிறகு கழற்ற வேண்டி வந்தால், கழற்றும் கருவியை மாட்டும் தலைப்பக்கப் புரி கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். பொருந்தாத கருவியோடு தியேட்டருக்குள் போனால் நெயில் அசையாது.