வாளையார் வெயிலுக்கு எந்த உப்புத் தண்ணீர்?

மார்ச் பிறந்தால் போதும். கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து மெடிக்கல் ஷாப்களில் கல்லாவை ஒட்டியே வண்ண டப்பாக்கள் வந்து உட்கார்ந்துவிடும். ஆரஞ்சு வாசனை, ஆப்பிள் வாசனை, பெரிய எழுத்தில் ‘எனர்ஜி’. இந்தப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வியர்வையை அப்போதைக்கப்போதே உலர்த்திவிடுவதால் உடம்பிலிருந்து எவ்வளவு போனது என்று தெரிவதில்லை. சாயங்காலம் சட்டை முதுகில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதுதான் அடையாளம். அந்த உப்பைத் திருப்பிக் கொடுக்க இங்கே கிடைப்பவற்றில் எது காசுக்குத் தகும் என்பதே இந்த விமர்சனம்.

கடையில் வாங்குவதில் முதல் இடம் சந்தேகமில்லாமல் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பழைய ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொடி பாக்கெட்டுக்குத்தான். எலக்ட்ரால் போன்ற 21.8 கிராம் பாக்கெட். ஜன் ஔஷதி கடைகளில் இன்னும் மலிவு. வாங்கும்போது பின்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டியது நான்கே எண்கள்: சோடியம் குளோரைடு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9, குளுக்கோஸ் 13.5 கிராம். கூட்டினால் 20.5, மிச்சம் வாசனைக்கும் கட்டி தட்டாமல் இருப்பதற்கும். இது 2002-இல் உலக சுகாதார நிறுவனம் திருத்திய அளவு. குளுக்கோஸ் இனிப்புக்காகச் சேர்த்ததல்ல. குடல் சுவரில் அது உள்ளே போகும்போது சோடியத்தையும் கூட இழுத்துக்கொண்டு போகிறது, தண்ணீர் பின்னாலேயே போகிறது. அதனால்தான் அளவு முக்கியம்.

அந்த அளவைத்தான் எல்லோரும் கெடுக்கிறார்கள். பாதிப் பொடியைக் கொட்டிவிட்டு மீதியை மடித்து வைப்பது வழக்கம். பொடிக்குள் உப்பும் குளுக்கோஸும் சமமாகக் கலந்திருக்கும் என்று உறுதியில்லை. மடித்து வைத்தது ஈரமும் இழுத்துவிடும். ஒரு டம்ளர்தான் தேவையென்றால் 200 மி.லி.க்கான 4.4 கிராம் சின்ன பாக்கெட் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். பெரியதற்குச் சுலபமான வழி: ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், அதிலிருந்து ஒரு டம்ளர் வேறு பாத்திரத்தில் ஊற்றிவைத்து, முழுப் பொடியையும் போட்டுக் குலுக்கி, எடுத்த தண்ணீரைத் திரும்ப ஊற்றுவது. தண்ணீர் குறைந்தால் உப்பு கடுக்கும், குழந்தைக்கு ஆபத்து. நீர்த்துப்போனால் வெறும் இனிப்புத் தண்ணீர். சர்க்கரை, ஜூஸ் எதுவும் சேர்க்கக் கூடாது, கலந்தபின் கொதிக்க வைக்கவும் கூடாது. 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் பாக்கெட்டுக்குள் பொடி பழுப்பேறிக் கெட்டிப்பட்டிருந்தால் தேதி மீதமிருந்தாலும் வேண்டாம்.

குறை? சுவை. கண்ணீரை நக்கியது போல இருக்கும். இன்னொன்று பெரிய குறை: ஒரு லிட்டரில் ஏறத்தாழ 1.7 கிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது அதே உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தக்காரர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் வெயிலைச் சாக்கிட்டு இதைத் தண்ணீராகக் குடிக்கக் கூடாது.

அடுத்து டெட்ரா பாக்கெட். “சேட்டா, ஓ.ஆர்.எஸ்.” என்று மட்டும் கேட்டால் பல கடைகளில் கைக்கு வந்தது இதுதான். சர்க்கரை அதிகம், சோடியம் குறைவு என்று அமைந்த பானங்கள்கூட அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருந்தன. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயருக்குத் தடை போட்டது. பெயர் போனாலும் பானம் போகவில்லை. லேபிளில் 100 மி.லி.க்குச் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். உண்மையான கரைசலில் 1.35 கிராம்தான். அதைப் போலப் பல மடங்கு இருந்தால் அது ஜூஸ். வயிற்றுப்போக்கில் கொடுத்தால் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். “பொடி பாக்கெட் தாங்க சேட்டா” என்று கேட்பதே உத்தமம்.

தண்ணீரில் போட்டதும் நுரைக்கும் உப்பு மாத்திரைகள் அழகாக இருக்கின்றன, ருசியும் பரவாயில்லை. ஆனால் ஒரு மாத்திரையில் 300 மில்லிகிராம் சோடியம் என்று வைத்தாலும், ஒரு லிட்டர் வியர்வையில் அரை கிராம் முதல் ஒன்றரை கிராம் வரை போய்விடுகிறதே. பி12, வைட்டமின் சி சேர்த்து விலையை ஏற்றியிருப்பது வெயிலுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

பொடிக்குச் சமமாக, வேலை நாளில் அதைவிட மேலாகவே நாங்கள் வைப்பது சம்பாரம். நம்மூர் நீர்மோர்தான், இஞ்சியும் சின்ன வெங்காயமும் தட்டிப்போட்டு. 200 மி.லி. கெட்டித் தயிர், 800 மி.லி. தண்ணீர், தட்டையாக அரை டீஸ்பூன் உப்பு, பச்சை மிளகாய் ஒன்று, கறிவேப்பிலை, கிடைத்தால் நாரத்தை இலை. சோடியம் ஒரு கிராமுக்கு மேல் வரும், பொட்டாசியமும் கொஞ்சம் உண்டு. கடைகளில் உப்பு ஏனோதானோவென்று இருக்கும், கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் பழைய சோறும் ஊறுகாயும் சாப்பிட்டவருக்கு அதிலேயே ஓரளவு உப்பு கிடைத்துவிடும்.

பொள்ளாச்சி இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் போதாது. கூடவே உப்புக்கடலை கொறித்தால் சரியாகும். பதிமுகம் என்னும் மரச்சீவல் போட்ட சிவப்புத் தண்ணீர் கொதித்த நல்ல தண்ணீர், அவ்வளவுதான். குலுக்கி சர்பத் (குலுக்கித் தரும் எலுமிச்சைச் சர்பத்) தாகத்துக்கு, உப்புக்கு அல்ல.

எவ்வளவு குடிப்பது? வெயிலில் வேலை செய்யும்போது 15-20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1.4 லிட்டரைத் தாண்டாமல். வேலைக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர். 60 கிலோ ஆளுக்கு 1.2 கிலோ குறைந்தால் கவனம் பிசகத் தொடங்கும், கணக்கு தப்பும். நேர்மாறாக, உப்பே இல்லாமல் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துத் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அதை வெயில் மயக்கம் என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுப்பதுதான் வழக்கமான தவறு.

ஏ.சி. அறையில் உட்கார்ந்தபடி மத்தியானம் தலை மந்தமாகிறவருக்கு இவற்றில் எதுவும் பலன் தராது. அங்கே பார்க்க வேண்டியது தூக்கம், ஹீமோகுளோபின், தைராய்டு. மெக்னீசியம் மாத்திரையும் அப்படித்தான்; குறைபாடு இருந்தால் பயன்படும், ஆக்சைடு வகை பலருக்கு வயிற்றைக் கலக்கும்.

பேச்சு குழறி, உடம்பு நெருப்பாகக் கொதிக்கும் ஆளின் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். நிழலில் கிடத்தி, துணிகளைத் தளர்த்தி, தண்ணீர் தெளித்து விசிறிக்கொண்டே 108-க்கு அடியுங்கள்.