ஹைவெல்ட் குளிருக்கு ஹேண்டில்பார் உறை: கையுறையைவிட இதுதான் வேலை செய்யும்

தென்னாப்பிரிக்காவின் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில், ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கே லெனேசியா பக்கம் ஆனி, ஆடிக் குளிரில் விடியுமுன் சைக்கிளை எடுப்பவர்கள் தடித்த கையுறைக்குக் காசு போட வேண்டாம். ஹேண்டில்பாரிலேயே மாட்டிவிடும் நியோபிரீன் (நுரை ரப்பர்) உறை வாங்குங்கள். பார் மிட்ஸ் என்ற பெயரில் வருவதும், அதே அமைப்பில் வரும் மற்றவையும் நம் குளிருக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி பொருந்துகின்றன.

ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் மழையும் இல்லை, மேகமும் இல்லை. அதனால் தரையின் சூடெல்லாம் இரவோடு இரவாகப் போய், காலையில் 0 டிகிரியை ஒட்டி நிற்கும். மதியம் 17, 18 டிகிரி வெயில்! கிளிப் ஆற்றுப் பள்ளத்தில் குளிர்காற்று தேங்கிக் கிடப்பதால் அங்கே மேட்டைவிடக் குளிர் அதிகம். 0 டிகிரியில் 30 கி.மீ. வேகத்தில் போகும்போது தோல் உணரும் குளிர் ஏறக்குறைய மைனஸ் 6 டிகிரி. ஆக, நாம் தடுக்க வேண்டியது காற்றை. அதுவும் காலையில் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும்.

தடித்த கையுறை இந்த இடத்தில்தான் தோற்கிறது. விரல்களைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பதால் ஒன்றின் சூடு இன்னொன்றுக்குக் கிடைக்காது. சற்று இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறையும், உள்ளே காற்றுக்கும் இடமிருக்காது. மேடு ஏறும்போது உள்ளே வியர்த்து, இறங்கும்போது அந்த ஈரமே விரலை விறைக்க வைக்கும். பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்பதும் விரலுக்குத் தெரியாது.

உறையோ பிரேக் லீவரையும் கியரையும் சேர்த்து மூடிவிடுகிறது. சுமார் 5 மி.மீ. நியோபிரீனுக்குள் அடைபட்ட சிறு குமிழிகள் சூட்டை வெளியே விடாது. வெளியே குளிர் 4, 5 டிகிரி வரை இறங்கினாலும் உள்ளே மெல்லிய கையுறை போதும். 0 டிகிரிக்குக் கீழே போனால் மெரினோ கம்பளிக் கையுறை ஒன்று. வெயில் ஏறியதும் வண்டியை நிறுத்தி உறையைக் கழற்றிவிடலாம்.

வாங்கும்போது கியர் கேபிளைப் பாருங்கள். லீவரின் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, ஹேண்டில்பாரில் சுற்றிய டேப்புக்கு அடியில் போகிறதா? இரண்டுக்கும் வெட்டு வேறு. மாற்றி வாங்கினால் கேபிள் இருக்கும் இடத்தில் துணி மடங்கி லீவரைத் தடுக்கும். மவுண்டன் பைக்கின் நேர் ஹேண்டில்பாருக்குத் தனி வடிவம் உண்டு. மாட்டியதும் வண்டியை நிறுத்தி வைத்தே ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள், பிரேக்கை இறுக அழுத்துங்கள், எல்லா கியரையும் மாற்றிப் பாருங்கள். லீவருக்கும் பாருக்கும் நடுவே உறையின் ஓரம் சிக்கவே கூடாது. உறையின் வாய் தொங்காமல் விறைப்பாகத் திறந்து நிற்பதும் அவசியம். பின்னால் வரும் டாக்ஸிக்குக் கை காட்டிவிட்டுக் குனிந்து பார்க்காமல் கை உள்ளே போக வேண்டும். தெருவுக்கு வருமுன் காலி மைதானத்தில் இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. ரோடு பைக்கில் பெரும்பாலான உறைகளோடு ஹூட்டை (பிரேக் லீவரின் மேலுள்ள ரப்பர் பிடியை) மட்டும்தான் பிடிக்க முடியும், ஹேண்டில்பாரின் கீழ்வளைவு கைக்கு எட்டாது. செங்குத்தான இறக்கத்தில் கீழே பிடித்து பிரேக் போட்டுப் பழகியவர்களுக்கு இது பெரிய இழப்பு. உறை பாரின் முனையையும் மூடும் வகை என்றால் அங்கே பின்னால் பார்க்கும் கண்ணாடி மாட்ட முடியாது.

இன்னொன்று, அலுமினிய லீவர் உறைக்குள்ளேயும் விரலின் சூட்டை உறிஞ்சும். விரல் படும் இடத்தில் மட்டும் சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாயைப் போட்டுவிடுங்கள். லீவர் அசையும் மூட்டில் படக் கூடாது. இரும்புத்தூள் சூட்டுப் பொட்டலம் வைப்பவர்கள் கால் மணி நேரம் முன்பே பிரித்துவிடுங்கள். அது காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துத்தான் சூடாகிறது. இறுக்கமான கையுறைக்குள் அணைந்துவிடும், உறைக்குள் நன்றாக வேலை செய்யும். வெறும் தோலில் வைக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மரத்துப்போனால் அது பெரும்பாலும் குளிர் அல்ல, உள்ளங்கை ஓரத்து நரம்பு அழுந்துவது. ஹேண்டிலின் உயரத்தையும் சீட்டின் சாய்வையும் சரிபாருங்கள். பத்து விரலும் விறைத்தால் முதலில் மார்புக்குக் காற்றுத் தடுக்கும் வெஸ்ட் போடுங்கள். நெஞ்சு குளிர்ந்தால் உடம்பு கைக்கு அனுப்பும் ரத்தத்தைத்தான் முதலில் குறைக்கும்.

கேப் டவுனில் குளிர்காலமே மழைக்காலம். அங்கே வண்டியை மழையில் நிறுத்தினால் உறைக்குள் தண்ணீர் தேங்கும், நனைந்த நியோபிரீன் லேசில் காயாது. அங்கே கையோடு எடுத்துப்போகக்கூடிய நியோபிரீன் கையுறையே மேல். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பள்ளத்தாக்கின் காலைக் குளிருக்கு 3 மி.மீ. உறை தாராளம். டர்பன்காரர்களுக்கு மெல்லிய கையுறையே போதும்.