அயர்லாந்து ஒன்றிணைப்பு: கணக்கு எங்கே முட்டுகிறது?

பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்தில் வசூலாகும் வரி அங்கே ஆகும் செலவுக்குப் போதாது. துண்டு விழுவதை லண்டன் கருவூலம் ஈடுகட்டுகிறது. 2019-இல் அந்தத் தொகை ஏறக்குறைய 940 கோடி பவுண்ட்.

பொருளாதார நிபுணர்கள் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டும் எட்கர் மார்கன்ராத்தும் 2024-இல் போட்ட கணக்குப்படி, வடக்கு தெற்கே உள்ள அயர்லாந்துக் குடியரசோடு இணைந்தால் டப்ளின் அரசுக்கு ஆண்டுக்கு 800 கோடி முதல் 2,000 கோடி யூரோ வரை செலவாகும். அதுவும் 20 ஆண்டுகளுக்கு. டப்ளின் நகரப் பல்கலைக்கழகத்தின் ஜான் டாய்ல் அந்த 940 கோடியில் டப்ளின் தலையில் விழுவது சுமார் 280 கோடி யூரோதான் என்கிறார். கூட்டல் கழித்தலில் இரு தரப்புக்கும் தகராறு இல்லை. எந்தச் செலவு யார் பொறுப்பு என்பதில்தான் பிரிகிறார்கள்.

பிரிட்டனின் கடன் வட்டியிலும் ராணுவச் செலவிலும் ஒரு பங்கு வடக்கின் பெயரில் எழுதப்படுகிறது. இணைந்தபின் அந்த ராணுவச் செலவு இருக்காது. கடனுக்கு முன்னுதாரணமே உண்டு: தெற்குக்கு விடுதலை தந்த 1921 ஒப்பந்தம் அயர்லாந்து மீது சுமத்திய கடன் பங்கை 1925-இல் லண்டனே தள்ளுபடி செய்தது. இந்த இரண்டிலும் டாய்ல் சொல்வதே சரி. வடக்கின் ஓய்வூதியத்தையும் லண்டனே தர வேண்டும் என்னும் இடத்தில் அவர் வாதம் தளர்கிறது. பிரிட்டனில் அதற்கென்று சேர்த்துவைத்த நிதி கிடையாது. இன்று உழைப்பவர் கட்டும் சந்தாதான் இன்றைய முதியவருக்குப் போகிறது. அந்தச் சந்தா டப்ளினுக்குப் போய்விட்டால், லண்டன் எதற்காகக் கொடுக்க வேண்டும்? ஸ்பெயினில் குடியேறியவருக்கும் லண்டன் ஓய்வூதியம் அனுப்புகிறதே என்பதைப் பேரம் பேச வைத்துக்கொள்ளலாம். வரவாக எழுதிவைக்க முடியாது.

2,000 கோடி என்ற உச்சக் கணக்கு எப்படி வருகிறது? 2025-இல் தெற்கின் எல்லையோர ஊரான லெட்டர்கென்னியில் வேலையில்லாதவருக்கு வாரம் 244 யூரோ வரை உதவித்தொகை. எல்லை தாண்டி வடக்கின் டெர்ரியில், 25 வயதைக் கடந்த தனியாளுக்கு, வீட்டு வாடகை உதவி நீங்கலாக, வாரம் சுமார் 92 பவுண்ட். இந்த இடைவெளியையும் அரசு ஊழியர் சம்பளத்தையும் ஒரே நாளில் சமப்படுத்தினால்தான் செலவு அந்த உச்சத்துக்கு ஏறும். 1990-இல் கிழக்கு ஜெர்மனியில் சம்பளம் உற்பத்தித்திறனை முந்தி ஓடியதும் ஆலைகள் வரிசையாக மூடின. ஆகவே படிப்படியாகத்தான் உயர்த்த வேண்டும். ஆனால் ஒரே நாட்டில் இருவிதத் தொகை என்பதை வாக்காளர் எத்தனை ஆண்டு பொறுப்பார்கள்?

ஆதரவாளர்களின் பலமான சீட்டு வளர்ச்சி. தெற்கில் நிறுவன வரி 12.5%, பெருநிறுவனங்களுக்கு 15%, வடக்கில் 25%. வரி குறைந்தால் மட்டும் முதலீடு வந்துவிடாது. வடக்கில் பள்ளிப்படிப்பைப் பாதியில் விடுவோர் அதிகம், 11 வயதிலேயே பிள்ளைகளைத் தரம் பிரிக்கிறார்கள். அதை மாற்றிப் பலன் காண ஒரு தலைமுறை ஆகும். தெற்கின் நிறுவன வரி வசூலிலும் பாதிக்கு மேல் பத்தே நிறுவனங்களிடமிருந்து வருகிறது; அதை நம்பி நிரந்தரச் செலவை ஏற்பது ஆபத்து.

மருத்துவத்தில் மிச்சமாகும் என்பார்கள். ஆனால் இரு பக்கமும் முறை வேறு. வடக்கில் குடும்ப மருத்துவரைப் பார்க்கக் கட்டணமில்லை. தெற்கில் இலவச சிகிச்சைக்கான மருத்துவ அட்டை இல்லாத பலர் 50 யூரோவுக்கு மேல் கொடுக்கிறார்கள். பகிர்ந்துகொள்ளக்கூடியதில் ஒரு பகுதி ஏற்கெனவே நடக்கிறது: தெற்கின் டொனிகால் மாவட்டப் புற்றுநோயாளிகள் டெர்ரியின் ஆல்ட்னகெல்வின் மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சை பெறுகிறார்கள், வடக்குக் குழந்தைகளுக்கு டப்ளினில் இதய அறுவை சிகிச்சை நடக்கிறது. இதற்கு எல்லைக்கோடு அழிய வேண்டியிருக்கவில்லை.