கழிப்பதா, கூட்டுவதா: லைப்சிக்கும் குன்னூரும்

இயற்கை மருத்துவமும் ஊட்டச்சத்து மருத்துவமும் கடைகளில் அடுத்தடுத்த அலமாரிகளில் இருப்பதால், இரண்டையும் ஒருதாய் மக்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் இவை பங்காளிகள்கூட இல்லை. ஒன்றுக்கு நோய் என்பது மிகுதி. மற்றதற்கு நோய் என்பது குறை.

மிகுதிக் கட்சி தொடங்கியது மத்திய ஐரோப்பாவின் சிலேசியா மலைக்கிராமம் ஒன்றில். வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸ் என்ற விவசாயி, விபத்தில் முறிந்த தன் விலா எலும்புகளை ஈரத்துணி சுற்றித் தேற்றிக்கொண்டார். பிறகு வந்த பவேரியப் பாதிரியார் செபாஸ்டியன் க்னைப், டான்யூப் ஆற்றின் குளிர்நீரே தன் காசநோயைத் தீர்த்தது என்று நம்பினார். இந்த அனுபவங்களுக்குத் தத்துவம் கட்டியவர் லைப்சிக் நகரின் லூயி கூனே. நோய்கள் பல இல்லை, ஒன்றுதான். உடலில் தேங்கும் கழிவே அதன் வேர் என்றார். அப்படியானால் சிகிச்சையும் ஒன்றே: எளிய உணவு, பட்டினி, இடுப்புக்குளியல், நீராவிக் குளியல். பெனடிக்ட் லஸ்ட் இதை அமெரிக்காவில் நேச்சுரோபதி என்ற பெயரில் பரப்பினார். கூனேயைப் படித்த காந்தி தென்னாப்பிரிக்காவிலேயே மண்பட்டியைக் கையில் எடுத்தார். 1946இல் புனே அருகே உருளிகாஞ்சனில் சிகிச்சை நிலையமும் தொடங்கினார்.

குறைக் கட்சியின் தொடக்கம் ஒரு கப்பலில். 1747இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், வைட்டமின் சி குறைவால் ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு சோடிக்கும் வெவ்வேறு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் சில நாளிலேயே எழுந்துவிட்டார்கள். என் பார்வையில் இரு மரபுகளும் பிரியும் இடம் இதுதான். க்னைப்பிடம் சான்று கேட்டால் தன்னையே காட்டுவார். லிண்ட் மற்ற பத்துப் பேரையும் காட்டுவார்.

இரண்டையும் உரசிப் பார்க்க அரிசியைவிட நல்ல கல் கிடையாது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில், பி1 வைட்டமின் குறைவால் நரம்பும் இதயமும் தளரும் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார் பிரிட்டிஷ் மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன். இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிகளுக்குப் போட்டு வளர்த்தபோது, கோதுமை ரொட்டியும் பாலும் தின்ற சீக்கிய எலி முதலில் வந்தது. நம் சென்னை மாகாணச் சாப்பாட்டு எலிதான் கடைசி. கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் பெரிபெரிக் கணக்கில் நமக்கு ஓர் ஆறுதல் உண்டு. ஆலையில் தீட்டிய பச்சரிசி தின்ற வட ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி இருந்தது. புழுங்கல் அரிசி தின்ற தமிழ்ப் பகுதி பெரும்பாலும் தப்பியது. நெல்லை அவிக்கும்போது தவிட்டோடு ஒட்டிய பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. பெரிபெரி கண்டவனைக் கூனே முறைப்படி பட்டினி போட்டால் என்ன ஆகும்? குறையின் மேல் குறைதான் சேரும். கைக்குத்தல் அரிசி வேண்டும் என்பதில் மட்டும் காந்தியும் குன்னூரும் ஒத்துப்போனார்கள்.

அதற்காகக் குறைக் கட்சிக்கே மாலை போடவும் மனம் வரவில்லை. வேதியியலில் நோபல் பெற்ற லைனஸ் பாலிங் 1970இல் சளிக்கு வைட்டமின் சியை அள்ளி அள்ளி விழுங்கச் சொன்னார். பின்னர் புற்றுநோய்க்கும் அதையே பரிந்துரைத்தார். மேயோ கிளினிக் 1979, 1985 ஆண்டுகளில் வெளியிட்ட சோதனைகளில் புற்றுநோயாளிகளுக்கு அதனால் பயன் தெரியவில்லை. 1994இல் பின்லாந்து ஆய்வு இன்னும் மோசமான சேதி சொன்னது: உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் மாத்திரை விழுங்கிய புகைபிடிப்பவர்களிடம் நுரையீரல் புற்று கூடியிருந்தது. குறையைக் கண்டுபிடிக்கப் பிறந்த துறை, குறையில்லாதவர் வாயிலும் மாத்திரையைத் திணித்ததன் பலன் இது.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், நோயை அறிவதற்குக் குன்னூர் வழியையே எடுப்பேன். தொப்பையோடும் இரவு பதினொரு மணி பரோட்டாவோடும் வருகிறவருக்குக் கூனேயின் 'குறைத்துக்கொள்' என்ற ஒற்றைச் சொல் போதும். மாத்திரை டப்பா வேண்டாம். இன்சுலின் போடுகிறவர் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் பட்டினியைத் தொடக்கூடாது.

காந்தி 1912இல் பாலைத் துறந்தவர். 1918இல் சீதபேதியில் படுத்த படுக்கையானபோது, கஸ்தூரிபா சொல்லி ஆட்டுப்பாலுக்கு இணங்கினார். சைவ உணவோடு பால் சேர வேண்டும் என்று 1942இல் ஆகாகான் மாளிகைச் சிறையிலிருந்து எழுதினார். கழிக்கும் கட்சியின் ஆகப் பெரிய ஆள், கடைசி நாள் வரை ஆட்டுப்பால் குடித்தார்.