நேரலையில் வாங்கிய “கையால் கட்டிய” மேக்கப் பிரஷ்கள்: அரை மாதச் சம்பளம் போன பிறகு எழுதும் எச்சரிக்கை

இன்று காலை வந்த கடைசிப் பதிலைப் படித்த கையோடு இதை எழுதுகிறேன். “முகத்தில் பயன்படுத்தும் பொருள்களை உறை பிரித்த பிறகு திரும்பப் பெறுவதில்லை” என்ற ஒற்றை வரியோடு என் அரை மாதச் சம்பளம் போய்விட்டது. சமூக ஊடகத்தில் நேரலை நடத்தி ஒப்பனைப் பொருள்கள் விற்கும் ஒரு பக்கத்தில், அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஏழு பிரஷ்களும், இமை முடியை வளைக்கும் கர்லர் ஒன்றும், புருவம் திருத்தும் பிளக்கர் ஒன்றும் அடங்கிய தொகுப்பை வாங்கினேன். பக்கத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயரை அவர்கள் ஒரே இரவில் மாற்றிக்கொள்ள முடியும். நம்ப வைக்கும் விதத்தை அவ்வளவு எளிதில் மாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்பதால் அதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

தினசரி ஒப்பனை எனக்குப் பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒன்பது ஆண்டுகளாக நான்கு பிரஷ்களே போதுமானவையாக இருந்தன. ஃபவுண்டேஷன் பரப்ப அடர்த்தியான செயற்கை இழை பிரஷ், கன்னத்துக்கு ஆட்டு முடி பிரஷ், கண்ணிமையில் நிறத்தின் விளிம்பைக் கலைத்துவிடச் சிறியதொரு பிரஷ், புருவத்துக்குச் சாய்வாக முடியும் மெல்லிய பிரஷ். இவற்றில் கன்னத்துக்கான பிரஷ்தான் எனக்கு மிகவும் பிடித்தது. விலங்கு முடியின் மேற்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய செதில்கள் இருப்பதால் அது பவுடரைப் பிடித்து வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக விடும். கன்னத்தில் நிறம் திட்டுத் திட்டாக விழாது. அதே காரணத்தால் திரவத்துக்கும் கிரீமுக்கும் வழவழப்பான செயற்கை இழையே நல்லது, ஏனென்றால் அது ஃபவுண்டேஷனைக் குடித்துவிடாது. செயற்கை இழை மட்டம், விலங்கு முடி உயர்வு என்று நான் நினைப்பவள் அல்ல என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கொடுத்ததுதான் என் கோபம்.

அந்தப் பழைய கன்னப் பிரஷின் கைப்பிடி போன மாதம் கழன்றுவிட்டது. ஒட்டிப் பார்த்தும் நிற்கவில்லை. இந்த முறை நல்லதாக வாங்கிவிட வேண்டும், இன்னும் பத்து ஆண்டுகளுக்கு வாங்கவே கூடாது என்று முடிவு செய்து தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த நேரலை என் கண்ணில் பட்டது.

அதை நடத்திய பெண் கூவிக் கூவி விற்கவில்லை. நிதானமாகப் பேசினார். ஜப்பானில் ஹிரோஷிமா மாகாணத்தில் உள்ள குமானோ என்ற ஊரைப் பற்றிச் சொன்னார். எழுத்து எழுதப் பயன்படும் தூரிகை செய்வதே அந்த ஊரின் பரம்பரைத் தொழில் என்றும், 1975ஆம் ஆண்டில் அது அரசின் மரபுக் கைவினை அங்கீகாரம் பெற்றது என்றும், 2011ஆம் ஆண்டில் உலகக் கோப்பை வென்ற ஜப்பானியப் பெண்கள் கால்பந்து அணிக்கு அந்நாட்டு அரசு விருதோடு பரிசாகக் கொடுத்தது குமானோவின் ஒப்பனைப் பிரஷ்களைத்தான் என்றும் சொன்னார். அங்கே முடியின் நுனியைக் கத்தரியால் வெட்டி வடிவம் கொண்டு வருவதில்லை, மரத்தாலான சிறு அச்சுக்குள் முடியை இட்டுத் தட்டித் தட்டியே குவிந்த வடிவத்தை உண்டாக்குவார்கள், அதனால்தான் இயற்கையாகவே கூராகும் நுனி அப்படியே தோலில் படுகிறது, குத்துவதில்லை என்று விளக்கிக்கொண்டே ஒரு பிரஷைத் தன் புறங்கையில் வருடிக் காட்டினார். அந்த முடி பட்டுபோல் விரிந்து மடங்கி எழுந்தது.

நேரலை முடிந்ததும் அவர் சொன்ன ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்தேன். எல்லாம் உண்மை. ஊர் உண்மை, ஆண்டு உண்மை, செய்முறை உண்மை. நான் விழுந்த இடம் இதுதான். இவ்வளவு சரியாகத் தெரிந்து பேசுகிறவர் கையில் இருக்கும் பொருளும் சரியானதாகவே இருக்கும் என்று என் மனம் தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது. அவர் சொன்ன தகவல்களைச் சரிபார்த்தேனே தவிர, அவர் விற்ற பொருளைச் சரிபார்க்கவில்லை.

அன்றிரவே செய்தி அனுப்பினேன். என் தோல் சீக்கிரம் சிவந்துவிடும் என்பதைச் சொல்லி, கன்னத்துக்கு எது பொருந்தும் என்று கேட்டேன். மூன்று நிமிடக் குரல் செய்தி வந்தது. “அக்கா, உங்கள் தோலுக்கு அணில் முடி கலந்த பிரஷ்தான் சரி. அது ஆட்டு முடியைவிட மெல்லியது. அழுத்தாமல் மேலாக வருடுங்கள். என் சொந்த அக்காவுக்கும் இதே தோல்தான்” என்றார். என்னைப் பார்க்காமலே என் தோலைப் புரிந்துகொண்டாரே என்று நெகிழ்ந்துபோனேன். தனியாக ஒரு பிரஷ் கேட்டவளிடம் தொகுப்பாக வாங்கினால் லாபம் என்றார். தளத்தின் வழியாக இல்லாமல் நேரடியாக வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்கிறேன் என்றார். குறைத்த பிறகும் அது என் அரை மாதச் சம்பளம். பத்து ஆண்டுகளுக்கு உழைக்கும் என்ற எண்ணத்தில் அனுப்பிவிட்டேன்.

பெட்டி பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. பெட்டி அழகாகவே இருந்தது. திறந்ததும் பெயிண்ட் கடைக்குள் நுழைந்தது போன்ற நெடி. பிரஷ்களை ஒரு நாள் முழுவதும் காற்றில் வைத்தும் நெடி போகவில்லை. எந்தப் புதுப் பிரஷையும் கழுவாமல் முகத்தில் வைக்கும் வழக்கம் எனக்கு இல்லை. வெதுவெதுப்பான நீரில் மென்மையான ஷாம்புவைக் கலந்து, முடி கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, முடியையும் கைப்பிடியையும் இணைக்கும் உலோகக் குழாய்க்குள் நீர் ஏறாமல் கழுவினேன். உள்ளே நீர் போனால் பசை இளகிவிடும் என்பதால் ஒன்பது ஆண்டுகளாக இப்படித்தான் செய்து வருகிறேன். முதல் நீர் கறுப்பு. ஐந்தாவது நீரும் கறுப்பு. என் விரல் இடுக்குகளில் சாயம் ஏறிவிட்டது. துண்டில் படுக்க வைத்துக் காய வைத்த பிறகு எடுத்துப் பார்த்தால், கன்னப் பிரஷின் தலை பாதியாக மெலிந்திருந்தது. மீதி முடி துண்டில் கிடந்தது. கண்ணிமைப் பிரஷ் ஒன்றின் உலோகக் குழாய் கையோடு வந்துவிட்டது.

சாயம் போட்ட ஆட்டு முடி என்றால் முதல் கழுவலில் சிறிது நிறம் விடுவதும் சில முடிகள் உதிர்வதும் உண்டு. அதனால் அவசரப்பட்டுக் குற்றம் சொல்லக் கூடாது என்று ஓர் இழையைப் பிடுங்கி வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நுனி கூராகவே இல்லை, மட்டமாக வெட்டப்பட்டிருந்தது. துண்டில் உதிர்ந்து கிடந்த இன்னோர் இழையை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினேன். விலங்கு முடி என்றால் தலைமுடி கருகும் நாற்றம் வந்து, நசுக்கினால் பொடியாகும் சாம்பலாக வேண்டும். இது உருகிச் சுருண்டு கடுகளவு உருண்டையாகக் கெட்டிப்பட்டது. “அணில் முடி கலந்தது” என்று விற்ற பிரஷிலிருந்து உதிர்ந்தவற்றில் ஆறு இழைகளை எடுத்து எரித்துப் பார்த்தேன். ஆறும் உருகின.

கழுவிய பிறகு, இப்படி எரித்துப் பார்ப்பதற்கு முன்பே, இரண்டு நாள் அதைக் கன்னத்தில் பயன்படுத்தியிருந்தேன். இரண்டாம் நாள் மாலையே கன்னம் எரிந்தது, கோடு கோடாகச் சிவந்தது. மேக்கப்பை முழுவதும் நிறுத்தச் சொல்லித் தோல் மருத்துவர் மருந்து கொடுத்திருக்கிறார். கர்லரைப் பற்றி நீட்ட வேண்டாம்: அதிலுள்ள ரப்பர் பட்டை பள்ளத்தில் சரியாகப் பொருந்தவில்லை, வெறும் உலோக விளிம்பு அழுத்தி இடது கண்ணின் நடு இமை முடிகள் நான்கைந்து துண்டாகிவிட்டன. பிளக்கர் ஒன்றுதான் வேலை செய்கிறது. அரை மாதச் சம்பளத்துக்கு எனக்கு மிஞ்சியது ஒரு பிளக்கர்.

இனி அவர்கள் என்னைத் தட்டிக்கழித்த விதத்தைச் சொல்கிறேன். முதல் நாள், சாய நீரின் படத்தை அனுப்பியபோது, “முதல் கழுவலில் அப்படித்தான் அக்கா, இது இயற்கை நிறம்” என்றார். ஐந்தாம் நீரின் படத்துக்கு, “நீங்கள் சூடான நீரில் கழுவியிருப்பீர்கள்” என்றார். இல்லை என்றேன், “அப்படியானால் ஷாம்பு கெட்டியானது” என்றார். எரித்துப் பார்த்த காணொளியை அனுப்பினேன். அதற்குப் பிறகு அக்கா என்ற சொல்லே வரவில்லை. ஒரு நாள் முழுவதும் பதில் இல்லை. மறுநாள் வேறொருவர் எழுதினார். நிர்வாகியாம். “பொருளை நீங்களே எரித்துச் சேதப்படுத்தியிருப்பதால் மாற்றித் தர இயலாது” என்றார். உதிர்ந்து கிடந்த இழைகளைத்தான் எரித்தேன் என்று எழுதினேன். “உதிர்ந்தது எங்கள் பொருள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டார். என் கன்னத்தின் படத்தை அனுப்பினேன். “எல்லாருடைய தோலும் ஒன்றல்ல” என்று பதில் வந்தது. என் தோலுக்கென்றே தேர்ந்தெடுத்துக் கொடுத்ததாகச் சொன்ன அந்தக் குரல் செய்தியைத் திருப்பி அனுப்பினேன். அதைக் கேட்டதற்கான குறி விழுந்தது, பதில் மட்டும் வரவில்லை. நான்கு நாள் கழித்து, இன்று காலை, முதல் பத்தியில் எழுதிய அந்த வரி வந்தது. அதோடு என்னைத் தடை செய்துவிட்டார்கள்.

சமூக ஊடகத் தளத்தில் புகார் கொடுத்தேன். பணம் தளத்தின் வழியாகச் செலுத்தப்படவில்லை என்பதால் தலையிட முடியாது என்று தானியங்கிப் பதில் வந்தது. வங்கியில் கேட்டபோது, உங்கள் ஒப்புதலோடு நீங்களே அனுப்பிய தொகை என்றார்கள். அவர் கொடுத்த பத்தில் ஒரு பங்குத் தள்ளுபடியின் உண்மையான விலை என்ன என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தச் சிறு தொகைக்காக, அரை மாதச் சம்பளத்தைத் திரும்பக் கேட்பதற்கு எனக்கிருந்த ஒரே வழியையும் நானே விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

பிரஷ் வாங்குவதைப் பற்றி விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போது கை ஓடவில்லை. சிலவற்றை மட்டும் சொல்கிறேன். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தொகுப்பு வேண்டாம், ஒரே ஒரு பிரஷ் வாங்கிக் கழுவிப் பாருங்கள். பெட்டியைத் திறப்பதையும் முதல் கழுவலையும் காணொளியாக எடுத்து வையுங்கள். எந்த விலங்கின் முடி, எத்தனை பங்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெயிண்ட் நெடி வந்தால் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, வேறொரு கணக்கிலிருந்து பார்த்த என் தோழி சொல்கிறாள், அந்தப் பெண் இப்போதும் நேரலையில் இருக்கிறாராம். அதே கன்னப் பிரஷைப் புறங்கையில் வருடிக் காட்டிக்கொண்டிருக்கிறாராம். “கழுவினால் சாயம் போகிறதா?” என்று தோழி கீழே கேட்டிருக்கிறாள். அடுத்த நொடியே அந்தக் கேள்வி நீக்கப்பட்டுவிட்டது.