ரீசெட் பட்டன் இல்லாத ஆர்பி2040 பலகை: மூன்று வருட அனுபவம்

நேற்று பல்லடத்தில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் உட்கார்ந்து, தறி ஓட்டத்தை எண்ண நான் வைத்திருக்கும் சின்னக் கணினிப் பலகைகளில் இரண்டாவதுக்கும் மைக்ரோ யுஎஸ்பி வாயை மாற்றிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் மச்சான் போன். "மாப்ள, தறிக்கு நீங்க போட்டிருக்கற பலகையவே நானும் வாங்கிடட்டுங்களா?" அவருக்குச் சொன்ன பதிலில் கோபம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. இங்கே நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் தறி குடோனில் ஆறு தறி. கூலிக்கு ஓட்டுகிறோம், மீட்டர் கணக்கில்தான் காசு. ஒவ்வொரு தறியின் கிராங்க் தண்டிலும் ஒரு சின்னக் காந்தம், எதிரே காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சார். தண்டு ஒரு சுற்று சுற்றினால் ஒரு பிக், அதாவது ஒரு ஊடை நூல். அங்குலத்துக்கு 52 பிக் விழும் ரகம் என்றால் மீட்டருக்குச் சுமார் 2047. இதை எண்ணத்தான் இந்தப் பலகை. 2021-ல் ராஸ்பெரி பை பிகோ என்ற பலகை வந்ததற்குப் பிறகு அதிலிருக்கும் ஆர்பி2040 சில்லையே வைத்துப் பலரும் பலகை செய்து விற்கிறார்கள். என்னிடம் இருப்பது அப்படி ஒன்று, பெயர் வேண்டாம். பஞ்சு பறக்கிற இடத்தில் மூன்று வருடமாக எண்ணுகிறது. வாரம் ஒருமுறை ஏர் அடித்து விடுவேன், அவ்வளவுதான் பராமரிப்பு.

என் சண்டை முழுக்க ஃபர்ம்வேரை, அதாவது பலகைக்குள் ஓடும் நிரலை, ஏற்றுவதில்தான்.

நிரல் ஏற்றுவதற்கென்று பலகையில் இருக்கும் பூட்செல் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேபிளைச் செருக வேண்டும். அந்தப் பட்டன் ஃபிளாஷ் நினைவகத்தைத் தேர்வு செய்யும் கம்பியைக் கிரவுண்டுக்கு இழுக்கிறது. விழித்தவுடன் சில்லு அதைப் பார்த்துவிட்டு, ஃபிளாஷில் இருக்கும் நிரலைத் தொடாமல் தனக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் 16 கிலோபைட் ரோமிலிருந்து ஓடி, பென்டிரைவ் மாதிரி வந்து நிற்கும். லினக்ஸில் தனியாக டிரைவர் எதுவும் வேண்டாம். யுஎஃப்2 வடிவில் இருக்கும் நிரல் கோப்பை அதில் காப்பி செய்து, மிச்சத்தையும் உடனே எழுதி முடிக்கச் சொல்லும் ஒரு சிங்க் கட்டளை கொடுத்தால் போதும். சிங்க்கை மறந்தால் காப்பி முடிந்த மாதிரித் தெரியும், ஆனால் பலகை இன்னும் காத்துக்கொண்டிருக்கும். கடைசித் துண்டு போய்ச் சேர்ந்ததும் டிரைவ் தானே மறைந்து புது நிரல் ஓடும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, இந்தப் பலகையை நிரலால் சாகடிக்க முடியாது என்பது. ஒருமுறை இன்டரப்டில், அதாவது சிக்னல் வந்ததும் குறுக்கே புகுந்து ஓடும் பகுதியில், தப்பாக எழுதிவிட்டேன். யுஎஸ்பியும் சேர்ந்து உறைந்துவிட்டது. பலகை போச்சு என்றே நினைத்தேன். பட்டனைப் பிடித்துச் செருகினால் எதுவுமே நடக்காத மாதிரி திரும்பி வந்து நிற்கிறது. அன்றிலிருந்துதான் பயமில்லாமல் நிரல் எழுதினேன்.

சரி, அப்புறம் என்ன கோபம்? ரீசெட் பட்டன் இல்லை. ஒவ்வொரு முறையும் கேபிளைப் பிடுங்கிச் செருக வேண்டும். காந்தம் கடக்கும்போது தறி அதிர்வில் ஒரு பிக் இரண்டாக விழுந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்த அன்று ஒரே நாளில் நாற்பது தடவைக்கு மேல் பிடுங்கியிருப்பேன். தறி ஓட்டும் அண்ணன், "ஏனுங் தம்பி, மறுக்காவும் புடுங்கறீங்களா?" என்று கேட்டார். மைக்ரோ யுஎஸ்பி வாய் இந்த அடியைத் தாங்காது. முதலில் லேசாக ஆடும். அப்புறம் கேபிளை ஒரு பக்கம் அழுத்திப் பிடித்தால்தான் டிமெஸ்ஜியில், அதாவது லினக்ஸ் கர்னலின் பதிவில், வரி வரும். கடைசியில் அதுவும் வராது.

கணினியிலிருந்தே பலகைக்குக் கட்டளை கொடுக்கும் பிகோடூல் இருக்கிறதே என்பீர்கள். பலகையைத் தொட அனுமதி தரும் யுடெவ் விதியை லினக்ஸில் போட்டுவிட்டால் சூடோ என்ற நிர்வாகி அனுமதி இல்லாமலே, கேபிளைத் தொடாமல், பலகையை ஏற்றும் நிலைக்குத் தள்ளிவிடும். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஓடுகிற நிரலில் யுஎஸ்பி உயிரோடு இருந்தால்தான் அது நடக்கும். நிரல் உறைந்து கிடக்கும் நாளில்தானே நான் அடிக்கடி ஏற்றப் போகிறேன்?

கடைசியில் நானே செய்துகொண்டேன். 30-ஆம் பின் ரன், அதைக் கிரவுண்டோடு சேர்த்தால் சில்லு ரீசெட் ஆகும். 28-ஆம் பின் கிரவுண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன அமுக்கு ஸ்விட்ச்சை வைத்துப் பற்ற வைத்தேன். இப்போது பூட்செல்லைப் பிடித்துக்கொண்டு ரன்னை ஒரு தட்டு, டிரைவ் வந்துவிடுகிறது. கேபிள் அசைவதே இல்லை. பலகைக்குப் பத்து நிமிடம், இரண்டு மூன்று ரூபாய்ச் சாமான். பலகையைச் செய்தவர்கள் அந்த இரண்டு மூன்று ரூபாயை மிச்சம் பிடித்ததால் இரண்டு வாய் போனது, கடைக்காரருக்கு முந்நூறு ரூபாய் போனது.

சில்லை நான் குறை சொல்ல மாட்டேன். ஆறு தறியிலும் அதுதான் ஓடுகிறது, இனியும் ஓடும். ஆனால் மச்சானுக்கு என் பதில் மாறவில்லை: இந்தப் பலகை வேண்டாங்க மச்சான். இதே சில்லில் டைப்-சி வாயும் ரீசெட் பட்டனும் வைத்துக் கூடக் கொஞ்சம் விலையில் கிடைக்கிறது, அதை வாங்குங்க. வந்ததும் போன் பண்ணுங்க, யுடெவ் விதியை நானே வந்து போட்டுத் தருகிறேன்.