சூட்டுல அதிருற எஃப்ஜிஎம் பீமுக்கு கால்குலிக்ஸ் போதுமா?

எஃப்ஜிஎம், அதாவது ஒரு பக்கம் செராமிக்ல ஆரம்பிச்சு மறுபக்கம் உலோகமா படிப்படியா மாறுற மெட்டீரியல், அதுல செஞ்ச பீம் சூட்டுல எப்படி அதிரும்னு ப்ராஜெக்ட் எடுத்துட்டு சாஃப்ட்வேர் லைசென்ஸ் கிடைக்காம லேப் வாசல்ல நிக்கிற பசங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், கால்குலிக்ஸ்ங்கிற ஃபைனைட் எலிமென்ட் (பொருளை சின்னச் சின்ன துண்டா வெட்டி கணக்கு போடற) சாஃப்ட்வேர் தாராளமா போதும். ஜிபிஎல்ங்கிற ஓப்பன் லைசென்ஸ், பைசா செலவில்ல, ஜெர்மனில எம்டியூ ஏரோ எஞ்சின்ஸ் ஆளுங்க கீடோ டோண்ட் கணக்கு போடற சால்வரையும் கிளவுஸ் விட்டிக் மாடல் வரைஞ்சு ரிசல்ட் பாக்கற சிஜிஎக்ஸையும் எழுதினாங்க, அபாகஸ் (Abaqus) சாஃப்ட்வேரோட இன்புட் ஃபைல் பழகினவங்களுக்கு சட்டுனு பிடிபட்டுடும்.

ஆனா எஃப்ஜிஎம்னு ஒரு பட்டன் இருக்கும்னு தேடாதீங்க, கிடையாது. ஒரு பக்கம் சிலிக்கான் நைட்ரைடு, மறுபக்கம் எஸ்யுஎஸ்304 ஸ்டீல்னு வெச்சுக்கோங்க, 300 கெல்வின்ல யங்ஸ் மாடுலஸ் (விறைப்பு) சுமார் 322, 208 ஜிகாபாஸ்கல், நடுவுல பவர் லா படி, அதாவது தடிமன்ல இருக்கற இடத்தோட ஒரு அடுக்கா, மாறணும். பீமை தடிமன்ல லேயர் லேயரா வெட்டி ஒவ்வொண்ணுக்கும் தனி மெட்டீரியல் குடுக்கறதுதான் வழி. பி32 பீம் எலிமென்ட் எடுத்தா உள்ளுக்குள்ள அதுவே 3டி பிரிக்கா (செங்கல் மாதிரி எலிமென்ட்டா) மாத்திக்கும், ஆனா அதுல பல லேயரைக் குடுக்கற காம்போசிட் செக்‌ஷன் போட முடியாது. அதனால நேரா சி3டி20ஆர் பிரிக்லயே போயிடுங்க, முதல் ஃப்ரீக்வென்ஸி அசையாம நிக்கிற வரைக்கும் லேயரை கூட்டிட்டே போங்க. லேயர் மெட்டீரியலை கையால டைப் பண்ணாதீங்க, குட்டியா ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் போட்டுக்கோங்க.

சூடு போடறதுலதான் விஷயமே இருக்கு. ரெண்டு முனையும் கிளாம்ப், பீம் விரிய இடமில்ல, அமுக்க விசை ஏறும், ஃப்ரீக்வென்ஸி இறங்கும். முதல் ஸ்டாடிக் ஸ்டெப்ல டெம்பரேச்சர், அடுத்த ஃப்ரீக்வென்ஸி ஸ்டெப்ல கட்டாயம் பெர்டர்பேஷன், அதாவது முந்தின ஸ்டெப்போட ஸ்ட்ரெஸ்ஸையும் சேர்த்துக்கோன்னு சொல்ற ஆப்ஷன். அது இல்லேன்னா தெர்மல் ஸ்ட்ரெஸ் கணக்குலயே வராது, ஆனா நம்பர் மட்டும் பாக்க நல்ல பிள்ளை மாதிரி இருக்கும், கைடும் கண்டுபிடிக்க மாட்டார். அதனால முதல்ல வெறும் ஸ்டீல் பீம், நீளம் தடிமனைப் போல 40 மடங்கு, ப்ராப்பர்ட்டியெல்லாம் 300 கெல்வின்ல மாறாம வெச்சு ஓட்டுங்க. கைக்கணக்குல பக்ளிங் ஆக (அமுக்கம் தாங்காம வளைஞ்சுக்க) சுமார் 134 டிகிரி ஏத்தம் வேணும், அதுல முக்கால்வாசி, அதாவது 100 டிகிரி ஏறினப்ப ஃப்ரீக்வென்ஸி ஏறக்குறைய பாதியாகணும். ஆகலேன்னா எஃப்ஜிஎம் பக்கமே போகாதீங்க.

அந்த எல்லையைத் தாண்டினா ரிசல்ட் வர்ற .dat ஃபைல்ல ரியல் காலம் சைபர் ஆகி இமாஜினரி காலத்துல நம்பர் வரும். சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சுன்னு ரீ-இன்ஸ்டால் பண்ணாதீங்க, பீம் பக்ளாயிடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு அப்புறம் ஃப்ரீக்வென்ஸி திரும்ப ஏறுற கதை வேணும்னா பெரிய வளைவையும் கணக்குல எடுக்கற என்எல்ஜியோம் ஆப்ஷனும், ஆரம்பத்துலயே பீம்ல ஒரு சின்ன கோணல்ங்கிற இம்பர்ஃபெக்‌ஷனும் வேணும். ரெண்டு முனையும் நகராத, ஆனா திரும்பக்கூடிய பின் (pin) சப்போர்ட்னா எஃப்ஜிஎம் பீம் சூடு பட்டதுமே வளைய ஆரம்பிச்சுடும், கிளாம்ப் கிராஃபோட அதை ஒப்பிடாதீங்க.

குறைன்னா, சிஜிஎக்ஸ் ரொம்ப பழைய காலத்து ஆளு, எல்லாம் கட்டளையா அடிக்கணும். விண்டோஸ்னா ஸ்லோவேனியாவோட மாரிபோர் யுனிவர்சிட்டிலேருந்து வர்ற ப்ரீபோமேக்ஸ் பெட்டர், அதுவும் இலவசம். கால்குலிக்ஸ் யூனிட் எதுவும் கேக்காது, மில்லிமீட்டர், நியூட்டன்னு போனா ஸ்டீல் டென்சிட்டி கன மில்லிமீட்டருக்கு 8.166இ-9னு டன்ல குடுக்கணும், கிலோல குடுத்தா ஃப்ரீக்வென்ஸி 31.6 மடங்கு கம்மியா வந்து நிக்கும்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். பவர் லா இண்டெக்ஸை (அந்த அடுக்கு எண்ணை) 0.2, 1, 5, 10னு மாத்தி மாத்தி நூறு கர்வ் வரையப் போறவங்க மட்டும் இதை விட்டுட்டு ஆக்டேவ்ங்கிற இலவச கணக்கு சாஃப்ட்வேர்ல சொந்தமா டிமோஷென்கோ பீம் தியரி கோட் எழுதிக்கோங்க, ஷியர் லாக்கிங் (மெல்லிய பீம் பொய்யா விறைச்சுக்கறது) வராம ரெட்யூஸ்டு இண்டக்ரேஷன் போட்டுட்டா அது இதைவிட வேகம்.